அத்தைக்கு வந்தது கணக்கில் வராதா?

58, 59.7, 61.8. மார்பகப் புற்றுநோய் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த மூன்று எண்களைத்தான். 2010-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஷோலோம் வாக்கோல்டர் என்ற புள்ளியியல் அறிஞரும் அவருடைய குழுவும் எழுதிய கட்டுரையில் வருபவை இவை. நோய் வந்த 5,590 பெண்கள், வராத 5,998 பெண்கள், எல்லோரும் 50-லிருந்து 79 வயதுக்குள் இருப்பவர்கள். வயசு, எப்போது வயதுக்கு வந்தார்கள், முதல் குழந்தை எப்போது, அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ வந்திருக்கிறதா என்ற பழைய கேள்விகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 58. அதுவரை கண்டுபிடித்திருந்த பத்து சின்ன மரபணு மாற்றங்களை மட்டும் வைத்தால் 59.7. இரண்டையும் சேர்த்தால் 61.8.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்றால், நோய் வந்த ஒரு பெண்ணையும் வராத ஒரு பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, இருவரில் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று அந்தக் கணக்கிடமே கேட்டால், 100 தடவையில் எத்தனை தடவை சரியான ஆளைக் காட்டுகிறது என்பதுதான். காசைச் சுண்டினாலே 50 வந்துவிடும். அப்படியென்றால் நூறு வருஷத்து அனுபவம் எட்டுப் புள்ளி கொடுத்தது, அதன் மேல் மரபணு வந்து இன்னும் நாலு புள்ளி கூட்டியது. கட்டுரையில் இன்னொரு விவரமும் உண்டு. நோய் வந்த பெண்களை ஐந்து படிகளாகப் பிரித்துப் பார்த்தபோது, மரபணுவையும் சேர்த்ததால் 32.5 சதவீதம் பேர் மேல் படிக்கு ஏறினார்கள், 47.2 சதவீதம் பேர் அதே படியில் நின்றார்கள், 20.4 சதவீதம் பேர் கீழே இறங்கினார்கள். நோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவரை, உனக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைவுதான் என்று கணக்கு சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இந்த விஷயத்துக்குள் நான் வந்தது என் சின்ன அத்தையால், அப்பாவின் அக்கா. அவருக்கு 46 வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார். அத்தைக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நம்ம குடும்பத்துல யாருக்குமே இல்லையே, இவளுக்கு எப்படி வந்தது?" அந்தக் கேள்வியின் முதல் பாதி உண்மைதானா என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பழைய கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1926-ல் ஜேனட் லேன்-கிளேபன் என்ற ஆங்கிலேய டாக்டர் மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் எடுத்து, கல்யாண வயசு, பிள்ளைகள் எத்தனை, பால் கொடுத்தார்களா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டு ஒப்பிட்டார். பிள்ளை இல்லாதவர்கள், தாமதமாகப் பெற்றவர்கள், பால் கொடுக்காதவர்கள் ஆகியோருக்கு நோய் கூடுதலாக இருப்பது அப்போதே தெரிந்தது. இன்று மருத்துவ ஆராய்ச்சியில் எல்லோரும் செய்யும் அந்த ஒப்பீட்டு முறைக்கே அவர்தான் முன்னோடி, ஆனால் பேர் வெளியே அவ்வளவாகத் தெரியாது, எனக்கு அது ஒரு வருத்தம். அப்புறம் 1989-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மிட்செல் கெயில் இந்தக் காரணங்களை எல்லாம் ஒரே கணக்கில் கோத்தார். கெயில் மாடல் என்பது அதுதான். அடுத்த ஐந்து வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு நோய் வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும். 1.67-க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம் என்று ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டியவர்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சேர்த்து 13,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, நோய் வராமல் தடுக்குமா என்று தமாக்சிஃபென் என்ற மாத்திரையைச் சோதித்தார்கள். 1998-ல் முடிவு வந்தது, பரவும் தன்மையுள்ள புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆக இந்த மாதிரிக் கணக்கால் ஒரு பயனும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தனி ஒரு பெண்ணைச் சரியாகக் காட்டாது, ஆனால் ஒரு கூட்டத்திலிருந்து யாருக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று பிரிக்க உதவும்.

அந்தக் கணக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நானும் அத்தை மகளும் (எனக்கு மூத்தவர், மதினி என்றுதான் கூப்பிடுவேன்) ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து அதை நிரப்பினோம். வயசு. இனம். எப்போது வயதுக்கு வந்தீர்கள், 7-லிருந்து 11-க்குள்ளா, 12-13-ஆ, 14-க்கு மேலா. முதல் குழந்தை பிறந்தபோது வயசு என்ன. பயாப்சி (மார்பிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எடுத்திருக்கிறார்களா. அம்மா, கூடப் பிறந்த சகோதரிகள், மகள்கள் இவர்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது, யாருக்கும் இல்லையா, ஒருவருக்கா, ஒருவருக்கு மேலா. மதினி "ஒருவர்" என்று அழுத்தினார், அத்தை அவருக்கு அம்மா. என் முறை வந்தபோது நான் "யாருக்கும் இல்லை" என்றுதான் அழுத்த வேண்டியிருந்தது. ஏனென்றால் அத்தைக்கு அங்கே இடமே கிடையாது. அப்பாவின் அம்மாவுக்கும் கிடையாது. சித்தி, பெரியம்மா, சித்தப்பா மகள் யாருக்கும் கிடையாது. அத்தைக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்கவும் மாட்டார்கள், 46-ல் வருவதும் 76-ல் வருவதும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான். "இனம்" என்ற கட்டத்தில் நான் எதை அழுத்துவது என்பது இன்னொரு பிரச்சினை. ஆசிய அமெரிக்கர்களுக்கான பகுதி சீன, ஜப்பானிய, பிலிப்பினோ பெண்களின் விவரங்களை வைத்துப் போட்டது. நம்மைப் போன்றவர்கள் "பிற ஆசியர்" என்பதற்குள் போய் உட்கார வேண்டும்.

கெயில் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்கு எளிதாக இருந்தால்தான் எல்லா டாக்டரும் போட்டுப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்றால், அப்பா வழியில் வரும் நோய் கண்ணுக்கே தெரியாமல் போகும். மார்பகப் புற்றுநோய் பெண்களின் நோய், ஆகவே அம்மா வழியில்தான் வரும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். மரபணு பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களில் வரும் கோளாறு ஆண்களிடம் நோயாக வெளிப்படாமலே மகளுக்குப் போய்ச் சேரும். ஆண் பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பத்தில் இரண்டு தலைமுறை சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு மூன்றாவது தலைமுறைப் பெண்ணிடம் வந்து நிற்கலாம்.

அதனால் பெரிய அத்தையிடம் போய்க் கேட்டேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு என்று போட்டுக்கொண்டே வந்தேன். மரபணு ஆலோசகர்கள் போடுவதும் இப்படித்தான்.

"ஆச்சிக்கு இந்த மாதிரி ஏதும் இருந்ததா அத்தை?"

"ஆச்சிக்கா? அவளுக்கு மார்ல ஒண்ணும் இல்ல. வயிறுதான் வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரில நீரை எடுப்பாங்க, பத்து நாள்ல திரும்ப ஏறிடும். உங்கப்பனுக்கு அப்பதான் காலேஜ் முடிஞ்சிருந்தது."

"அப்ப ஆச்சிக்கு என்ன வயசு இருக்கும்?"

"அம்பது, அம்பத்தொண்ணு. அவ தங்கச்சி ஒருத்தி இருந்தாளே, அவளுக்குத்தான் மார்ல புண்ணு. வெளிய சொல்லல. ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நின்னுச்சு, சொன்னா யாரு எடுப்பா?"

வயிற்றில் நீர் கோப்பதற்கு ஈரல் உட்படப் பல காரணங்கள் உண்டு, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் அம்மாவுக்கு 50 வயதில் வயிறு வீங்கியது, சித்திக்கு மார்பில் புண் என்று சொன்னால் விவரம் தெரிந்த எந்த டாக்டரும் சினைப்பைப் புற்றுநோயையும் யோசிப்பார். பிஆர்சிஏ கோளாறு இரண்டையும் கொண்டுவரும். "யாருக்குமே இல்லையே" என்று சொன்ன குடும்பத்தின் தாளில் இப்போது ஒரு கறுப்பு வட்டத்துக்குப் பதிலாக இரண்டு கறுப்பு வட்டமும் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. கல்யாணத்துக்காக மறைத்தது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அந்த ஆச்சியின் தங்கை மகள்கள் இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பெரிய அத்தைக்கே தெரியவில்லை, அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசகரிடம் போனோம். அவர் முதலில் சொன்னது: மதினிக்கோ எனக்கோ முதலில் டெஸ்ட் எடுக்கக் கூடாது, நோய் வந்த அத்தைக்குத்தான் எடுக்க வேண்டும். இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். நோய் வராதவளுக்கு முதலில் எடுத்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால், குடும்பத்தில் இருக்கும் கோளாறு இவளுக்கு வரவில்லையா, அல்லது இந்த டெஸ்ட்டுக்குப் பிடிபடாத ஏதோ ஒன்றா என்று சொல்லவே முடியாது. அத்தையிடம் குறிப்பிட்ட ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் ரொம்பக் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். அத்தைக்கு எடுத்தோம். பிஆர்சிஏ1-ல் கோளாறு இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1990-க்கு முன்னால் இப்படி ஒற்றை மரபணு இருக்கும் என்று சொன்னால் பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பவில்லை, இவ்வளவு சிக்கலான நோய்க்கு ஒரே இடத்தில் காரணம் எப்படி இருக்கும் என்றார்கள். மேரி-கிளேர் கிங் பல வருஷம் விடாமல் 23 குடும்பங்களை, அதில் நோய் வந்த 146 பேரைப் பின்தொடர்ந்து, இளம் வயதில் நோய் வந்த குடும்பங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 17-ஆவது குரோமோசோமில் அந்த இடம் தெரிந்தது. 1994-ல் பிஆர்சிஏ1 மரபணுவையே பிரித்தெடுத்தார்கள், அடுத்த வருஷம் பிஆர்சிஏ2. கிங் செய்ததும் அடிப்படையில் வட்டமும் சதுரமும் போட்டுக் குடும்பம் குடும்பமாகக் கேட்டதுதான். நம்ம ஊர்க் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. 185டெல்ஏஜி என்று ஒரு பிஆர்சிஏ1 மாற்றம், ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களிடம் இருப்பது என்று பேர்பெற்றது. அது தென்னிந்தியக் குடும்பங்களிலும் இருப்பதைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஒரு இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்ததில் அது யூதர்களிடமிருந்து வந்ததல்ல, இங்கேயே தனியாகத் தோன்றியது என்றும் தெரிந்தது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் பரம்பரைப் புற்றுநோய்க் குடும்பங்களின் மரபணுக்களைப் பார்க்கும் வேலை இருபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. இது ஏதோ வெள்ளைக்காரர் நோய், ஹாலிவுட் நடிகைக்கு வந்த பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி பிஆர்சிஏ1 கோளாறு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 72 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 44 சதவீதம் பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரும். பிஆர்சிஏ2-க்கு 69, 17. அத்தையிடம் இருப்பது உறுதியானதும் மதினிக்கு வாய்ப்பு சரிபாதி. அப்பாவுக்குச் சரிபாதி, அவருக்கு இருந்தால் எனக்கு அதில் பாதி, அதாவது இப்போதைக்கு நாலில் ஒன்று. கெயில் கணக்கில் "யாருக்கும் இல்லை" என்று அழுத்திய அதே நான்தான். வகுப்பில் நிபந்தனை நிகழ்தகவு நடத்தும்போது கரும்பலகையில் எழுதுகிற பின்னம், ஆனால் கை நடுங்கியது.

மதினிக்கு இருந்தது. அப்பா முதலில் "ஆம்பளைக்கு எதுக்கும்மா இந்த டெஸ்ட்டு?" என்றார், உங்களுக்காக இல்லை, எனக்காக எடுங்கள் என்றதும் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு இல்லை. ஆகவே எனக்கும் அது இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் "உனக்கு வராது" என்கிறார்கள். நான் இந்தப் பதிவை எழுதுவதே பாதி அதற்காகத்தான். எனக்கு அந்தக் கோளாறு இல்லை, அவ்வளவுதான். மற்ற எல்லாப் பெண்களுக்கும் உள்ள வாய்ப்பு எனக்கும் இருக்கிறது. மொத்த மார்பகப் புற்றுநோயில் இப்படிப் பரம்பரையாக வரும் வலுவான கோளாறுகளால் வருவது 5-லிருந்து 10 சதவீதம்தான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2001-ல் பார்த்தபோது, நோய் வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு அம்மா, சகோதரி, மகள் யாருக்குமே அந்த நோய் வந்திருக்கவில்லை. குடும்பத்தில் இல்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் கட்டி தெரிந்த பிறகும் "நம்ம வீட்ல யாருக்கும் இல்லையே, கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்று ஆறு மாசம் தள்ளிப்போடுவதற்கு அது காரணமாக முடியாது. அப்படித் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பால் கொடுத்தால் வராது என்பதும் இப்படித்தான். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் லான்செட்டில் வந்ததில், ஒவ்வொரு 12 மாதம் பால் கொடுப்பதற்கும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம். ஊரே சேர்ந்து பால் கொடுத்தால் நோயாளிகளின் எண்ணிக்கை நன்றாகக் குறையும், உண்மை. ஒரு தனிப் பெண்ணுக்கு அது கவசம் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டு வருஷம் பால் கொடுத்த என் அத்தையிடம் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒருவர் "நீ சரியா பால் குடுக்கலையோ?" என்று கேட்டார். தயவுசெய்து யாரிடமும் இப்படிக் கேட்காதீர்கள்.

சரி, பெரிய கோளாறு இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு மரபணு ஏதாவது சொல்லுமா? சொல்லும். 2007-லிருந்து கேம்பிரிட்ஜ் டக்ளஸ் ஈஸ்டன் குழுவும் அவர்களோடு சேர்ந்த உலக நாடுகளின் கூட்டமைப்பும் சின்னச் சின்ன மாற்றங்களைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார்கள். டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும், இதை வைத்திருப்பவர்கள் ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் எதற்கும் உதவாது. 2010 கட்டுரையில் பத்து இருந்தது, 2019-ல் நசீம் மவத்தத் குழு 313-ஐச் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக ஆக்கியது. ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களில் இந்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 1 சதவீதம் பேருக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம் வரை போகிறது. இவர்கள் வீட்டில் யாருக்கும் நோய் இருந்திருக்க வேண்டும் என்று இல்லை, பெற்றோர் இருவரிடமிருந்தும் சின்னச் சின்னதாகச் சேர்ந்ததே போதும். ஆனால் காசைச் சுண்டினால் 50 என்ற அதே அளவுகோலில் இந்த 313-க்குக் கிடைப்பது 63. பத்து 313 ஆனபிறகும் 59.7 போய் 63. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, உமிழ்நீரை அனுப்புங்கள், உங்கள் எதிர்காலத்தைச் சொல்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள்.

மதிப்பெண்ணை எல்லாவற்றோடும் சேர்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் அன்டோனிஸ் அன்டோனியூ குழு உருவாக்கிய கேன்ரிஸ்க் என்ற கருவி, அத்தை, ஆச்சி, ஆச்சியின் தங்கை வரை யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய் என்று முழு வம்சத்தையும் கேட்கிறது (என் காலண்டர் தாள் அப்படியே அதற்குள் போனது), பெரிய மரபணுக் கோளாறுகளையும், சின்ன மாற்றங்களின் மதிப்பெண்ணையும், உயரம், எடை, குடி, பிள்ளைப்பேறு எல்லாவற்றையும், மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், தெரியும் மார்பக அடர்த்தியையும் சேர்த்துக்கொள்கிறது. அடர்த்தி என்பது தொட்டுப் பார்த்துத் தெரிவதில்லை. மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் தெரியும், கட்டியும் வெள்ளைதான். அடர்த்தி அதிகம் உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பும் கூடுதல், படத்தில் கட்டி ஒளிந்துகொள்வதும் கூடுதல். மேமோகிராம் எடுத்தால் ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து இருக்கும், பாருங்கள். சி அல்லது டி என்றால் கூடவே அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த எல்லாக் காரணங்களிலும் பெண்களை அதிகம் பிரித்துக் காட்டுவது சின்ன மாற்றங்களின் மதிப்பெண், அடுத்தது அடர்த்தி. பெரிய கோளாறு உள்ளவர்களுக்குக்கூட இவை முக்கியம், 72 என்பது சராசரி, மதினியின் சொந்த எண் இவற்றைப் பொறுத்து அதற்கு மேலேயும் போகலாம் கீழேயும் வரலாம்.

யாருடைய விவரங்களை வைத்துக் கட்டிய கணக்கு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஐரோப்பியப் பெண்களின் மதிப்பெண்ணை மலேசியா, சிங்கப்பூரில் சீன, மலாய், இந்தியப் பெண்களிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள், மலேசியாவின் தியோ சூ-ஹுவாங் இதில் முக்கியமானவர். மலேசிய இந்தியர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், அதாவது இந்த ஆய்வு பார்த்தது நம் ஜாதகத்தையும்தான். மதிப்பெண் அங்கேயும் கிட்டத்தட்ட அதே மாதிரி வேலை செய்தது. யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவதில் அது சரி. ஆனால் வரிசை வேறு, சதவீதம் வேறு. அமெரிக்காவில் எட்டுப் பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது, இந்தியாவில் நம் பதிவேடுகளின்படி 74 வயதுக்குள் 29 பேரில் ஒருவருக்கு. அங்கே போட்ட கணக்கு இங்கே உள்ள ஒருத்திக்கு 12 சதவீதம் என்று சொன்னால் அந்த 12-ஐ அப்படியே நம்பக் கூடாது. சென்னை, ஹைதராபாத், பெங்களூரு போன்ற நகரங்களில் விகிதம் கிராமங்களைவிட மிக அதிகம் என்பதால் இந்தியா முழுவதற்கும் ஒரே எண் என்பதும் சரிவராது. மரபணு டெஸ்டிலும் இதே பிரச்சினை வரும், பொருள் தெளிவாகாத மாற்றம் என்று ரிப்போர்ட் வருவது நம்மவர்களுக்கு அதிகம், நம்மைப் போன்றவர்களின் டிஎன்ஏவைப் போதுமான அளவு யாரும் பார்க்கவில்லை என்பதுதான் காரணம். அப்படி வந்தால் அதை வைத்து ஆபரேஷன் முடிவெல்லாம் எடுக்கக் கூடாது.

இவ்வளவு குறைகளோடும் இந்தக் கணக்கு எதற்கு? எப்போது, எதை வைத்து, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்று முடிவெடுக்க. அமெரிக்காவில் 2016-ல் லாரா எஸ்ஸர்மேன் தலைமையில் தொடங்கிய விஸ்டம் ஆய்வில் சுமார் 28,000 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் எல்லோருக்கும் வருஷா வருஷம் மேமோகிராம். இன்னொரு பக்கம் மரபணுவும் பழைய காரணங்களும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வாய்ப்பு மிகக் குறைவானவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள், நடுத்தரமானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கூடுதலானவர்களுக்கு வருஷம் ஒருமுறை, மிக அதிகமானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேமோகிராமும் எம்ஆர்ஐயும் மாற்றி மாற்றி. 2025 டிசம்பரில் முடிவு வந்தது. கணக்குப் போட்டுப் பிரித்த பக்கத்தில் முற்றிய நிலைப் புற்றுநோய் கூடவில்லை. பயாப்சி குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது நடக்கவில்லை. நூறில் 63 தடவைதான் சரியான ஆளைக் காட்டும் மாதிரியான கணக்கு, மெஷினையும் டாக்டர் நேரத்தையும் யாருக்கு அதிகம் கொடுப்பது என்று பங்கிட இப்படி உதவுகிறது.

மெஷினே இல்லாத ஊரில் என்ன செய்வது என்பதற்கு மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை ஒரு பதில் வைத்திருக்கிறது. 35-லிருந்து 64 வயது வரை உள்ள 1,51,538 பெண்கள், இருபது வருஷம். பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவின்படி 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நோயால் ஏற்படும் மரணம் 30 சதவீதம் குறைந்தது, 50-க்குக் கீழே அப்படி ஒரு பயன் தெரியவில்லை. அந்த இளையவர்களிடம்தான் வம்ச விவரத்தைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. 38 வயதுப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது நர்ஸ் சர்க்கரை, பிரஷர் பார்ப்பதோடு, உங்க அம்மா, சித்தி, பெரியம்மா, அத்தை, ரெண்டு ஆச்சி இவங்கள்ல யாருக்காவது மார்லயோ சினைப்பையிலயோ புற்றுநோய் இருந்ததா, எந்த வயசுல என்று கேட்டு எழுதினால் ஐந்து நிமிஷம் ஆகும், காசு ஆகாது. பதில் சந்தேகமாக இருப்பவர்களை மட்டும் மேலே அனுப்பினால் போதும், 313 எழுத்தை எல்லோருக்கும் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மதினி இப்போது வருஷா வருஷம் எம்ஆர்ஐ எடுக்கிறார், நாற்பதுக்குள் சினைப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இரண்டாவது குழந்தைக்கு அப்புறம் என்று முடிவு செய்திருக்கிறார். மார்பகத்தை முன்கூட்டியே எடுப்பதைப் பற்றி இன்னும் யோசிக்கிறார், எடுத்தால் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறையும் என்பது அவருக்குத் தெரியும், அதை அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. எனக்குக் கவலை அவருடைய அண்ணன்தான். அவருக்கும் சரிபாதி வாய்ப்பு, இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். "பொம்பளைங்க விஷயம், உங்களுக்குள்ள பாத்துக்கோங்க" என்று இரண்டு தடவை போனை வைத்துவிட்டார். அத்தான், இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அத்தையின் ரிப்போர்ட் நகல் என்னிடம் இருக்கிறது, அந்த ஒரே இடத்தைப் பார்க்கும் டெஸ்ட்தான், ஒரு குழாய் ரத்தம் போதும், அடுத்த சனிக்கிழமை அப்பா கூடவே வருகிறேன் என்கிறார்.